கதவு வைத்த ரேசரும் நான் நேராத நேர்த்திக்கடனும்

பவித்ரா, காயத்ரி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்கு வராது. பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் காயத்ரி திருத்திக்கொள்ளட்டும். போன மாதம் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தேனே, அந்த மூன்று நாளைப் பற்றித்தான். "என்ன பாத்தீக அய்யா?" என்று கேட்டபோது "கடல், கூட்டம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது முழுசு இல்லை.

பவித்ரா, முதலில் உனக்கு. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் ஆன்லைனில் எனக்கு ஒரு பழைய காலத்து ரேசர் வாங்கி அனுப்பினாய். அது சரியில்லாமல்தான் வந்தது. நல்லா இருக்கு என்று நான் சொன்னது பொய்.

நான் முன்பு வைத்திருந்த மாதிரியேதான் தேடிப் பிடித்திருந்தாய். கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவு திறக்கும், பிளேடை வைத்துத் திரும்பத் திருகினால் மூடிக்கொள்ளும். ஐந்து வயதில் நீ அதைத் திறந்து மூடி விளையாடிக் கிணற்றில் போட்டாய். அன்றைக்கு உன்னை ஒரு அடி அடித்தேன். வாழ்நாளில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவை. பார்சல் வந்த அன்று போனில், "கிணத்துல போட்டதத் திருப்பித் தந்துட்டேன் அய்யா" என்று சிரித்தாய். பதினெட்டு வருசமாக அதை மனசில் வைத்திருந்தாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விற்றவன் போட்ட படங்களைப் பிறகு பார்த்தேன். நாலு படமும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தது. மறுபக்கக் கதவு வளைந்து, பிளேடு ஒரு நெல் கனத்துக்கு வெளியே நின்றது. முதல் நாளே காதுக்குக் கீழே கிழித்துவிட்டது. திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னிடம் நல்லா இருக்கு என்று சொல்லியாயிற்று. நூறு மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவனுக்கு இந்தத் தகடு ஒரு பெரிசா என்று குறடை எடுத்து நிமிர்த்தினேன். படக்கென்று கீல் ஒடிந்து கதவு தனியாகக் கையில் வந்துவிட்டது.

வேறு ரேசரில் எடுத்தால் காயத்ரி பார்த்து அக்காவிடம் சொல்லிவிடுவாள். அதனால் எடுக்கவில்லை. தாடி வளர்ந்தது. ஒருநாள் காயத்ரி, "என்ன அய்யா தாடி?" என்று கேட்டபோது, "ராமேஸ்வரத்துக்கு வேண்டியிருக்கேன், அங்கன போயித்தான் எடுக்கணும்" என்று வாயில் வந்துவிட்டது. என்ன வேண்டுதல் என்றதற்கு, வெளியே சொல்லக்கூடாது என்றேன்.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "பிள்ளைககிட்ட பொய் சொன்னீக, சரி. சாமி பேர எதுக்கு இழுத்தீக? இழுத்தாச்சுல்ல, போயிட்டு வந்துருங்க" என்றாள். பொங்கலுக்கு வந்து நான் சவரம் செய்வதைப் பார்க்க வேண்டும் என்று நீ வேறு சொல்லியிருந்தாய். போகிற வழியில் இதே மாதிரி நல்லதாக ஒன்று கிடைத்தால் மாற்றி வைத்துவிடலாம் என்பது என் யோசனை. ஒடிந்ததைச் சோப்பு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் கமுதியில் ஏறிய பஸ்ஸிலேயே மானம் போயிற்று. பின் சீட்டில் இருந்த நம் தெரு ராக்கம்மா மதினி என் தாடியைப் பார்த்துவிட்டு, பஸ்ஸே கேட்கிற மாதிரி, "என்ன கொழுந்தனாரே, வீட்ல விசேசமா?" என்றாள். பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருசன் சவரம் செய்யாத வழக்கம் நம் பக்கம் உண்டல்லவா, அதைத்தான் கேட்கிறாள். உங்கள் அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து.

"அதெல்லாம் இல்ல மதினி, நேத்திக்கடன்."

"அதுக்குத்தான் நேந்திருப்பாரு" என்றார் கண்டக்டர். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சிரித்த வேகமோ என்னவோ, கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. ஜாக்கி வேலை செய்யவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் ஜாக்கி வாங்கி மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம். வெயில் மார்கழி மாதிரியே இல்லை. சாலையோரம் ஒரு அம்மா பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தது. ஒரு கட்டு வாங்கி மதினிக்கும் கண்டக்டருக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் தாடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ராமநாதபுரத்தில் மூன்று பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் என் டப்பாவைத் திறந்து ரேசரைக் கையில் எடுத்ததும் கேட்டார்.

"ஆன்லைன்ல வாங்குனதா?"

"எப்பிடித் தெரியும்?"

"இந்த மினுமினுப்பு தேய்ச்ச மினுமினுப்பு. நாங்க இங்கன எடைக்கு வாங்குறோம். ஒருத்தர் மொத்தமா அள்ளிட்டுப் போவாரு. பாலிஷ் போட்டு, வெள்ளைத் துணியில வச்சு, படம் புடிச்சுப் போட்டா வேற ரேட்டு. உங்க ரேசரு என் கடையில இருந்து போனதாக்கூட இருக்கும்."

"போகையில கதவு நேரா இருந்துச்சா?"

"ஏண்ணே, நான் பாத்தா வாங்குறேன்? எடை போட்டு வாங்குறேன்" என்றார்.

அவர் கடையில் கதவு வைத்த ரேசர் ஒன்றும் இல்லை. ஆனால் கீழக்கரையில் ஒரு வீட்டில் புதுசு மாதிரி ஒன்று இருப்பதாகச் சொன்னார். கப்பலில் சமையல் வேலை பார்த்த காதர் பாய் என்பவர் வீடு. "நான் மூணு தடவ கேட்டும் தரல. உங்க மூஞ்சியப் பாத்தாத் தருவாரோ என்னமோ. தாடியோட பாவமா இருக்கீங்க."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் படுத்துக்கொண்டு போனில் ரேசர் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. ஒரு ராத்திரிக்குள் இருநூறு ரேசர் பார்த்துவிடலாம். ஒன்றையும் திருகிப் பார்க்க முடியாது. நான் மோட்டார் வாங்கும்போது முதலில் செய்வது தண்டைக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான், அதிலேயே பாதி தெரிந்துவிடும். உனக்கு அதைச் சொல்லித் தராமல் போனேனே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில் கீழக்கரை. ஒடுக்கமான சந்து, இரண்டு பக்கமும் உயரமான வீடுகள். ஆண்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். வழி கேட்பது பெரும்பாடாகிவிட்டது. "ரேசர் வச்சிருக்கிற பாய் வீடு எது?" என்று எப்படிக் கேட்பது? ஒரு கடையில் கேட்டதற்கு, "சலூன் அந்தப் பக்கம்ணே" என்று கை காட்டினார்கள். என் முகத்தைப் பார்த்தால் அதுதானே தோன்றும். கப்பல் சமையல்காரர் என்று சொன்ன பிறகுதான் வீடு கிடைத்தது.

காதர் பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கன்னத்தை மழமழவென்று எடுத்து, தாடையில் மட்டும் வெள்ளைத் தாடியை வரி பிடித்த மாதிரி ஒதுக்கியிருந்தார். உட்காரச் சொன்னார். ரேசர் வாங்க வந்திருக்கிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"விக்கிறதுக்குத்தானே?"

"இல்ல பாய். நான் சவரம் பண்ணத்தான்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எங்க மச்சான் சவரச் செட்ட, வாப்பாவுக்குன்னு ஒருத்தர் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. பத்து நாள்ல பக்கத்து வீட்டுப் பிள்ளை போனைக் கொண்டாந்து காட்டுறான், எங்க மச்சான் செட்டு விலையோட நிக்கிது! எழுத்து வேற போட்டிருக்கான், கப்பல் கேப்டன் உபயோகித்ததுன்னு. எங்க மச்சான் மளிகைக் கடை வச்சிருந்தாரு."

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மாவின் குரல் வந்தது. "கேப்டன்னு கேட்டிருந்தா எங்க அண்ணன் ரெண்டு நாள் சோறு திங்காமச் சந்தோசப்பட்டிருப்பாரு."

பாய் எழுந்து போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். இறந்துபோன தம்பியின் ரேசராம். கொடுத்தார், திருகினேன். பவித்ரா, என்ன சொல்ல! இரண்டு கதவும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் படுத்தன. தலையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மயிரிழை கோணல் இல்லை. கைப்பிடியில் மட்டும் விரல் பட்டுப்பட்டு முலாம் போயிருந்தது.

"தாரேன்" என்றார் பாய். "ஆனா மச்சான் செட்டு போனதுல இருந்து நான் ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன். வாங்குறவரு இங்கனயே உக்காந்து, என் கண்ணு முன்னாடி சவரம் பண்ணணும். சவரம் பண்றவன் பிடிக்கிற பிடி வேற, விக்கிறவன் பிடிக்கிற பிடி வேற."

நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடி வந்துவிட்டது, கிண்ணத்தில் வெந்நீர் வந்துவிட்டது, துண்டு தோளில் விழுந்துவிட்டது. புது பிளேடைப் பிரித்து அவரே மாட்டினார். பிரஷில் நுரை எழுப்பிக் கன்னத்துப் பக்கம் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது.

நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. அது எனக்குத் தெரியும், உங்கள் அம்மாவுக்குத் தெரியும், சாமிக்கும் தெரியும். இரண்டு இழுப்பு இழுத்தால் ரேசர் என் கையில். பொங்கலுக்கு உன் முன்னால் உட்கார்ந்து சவரம் செய்யலாம். ஆனால் ராமேஸ்வரத்தில்தான் எடுப்பேன் என்று காயத்ரியிடம் சொன்னேன், பஸ்ஸில் ஊரே கேட்கச் சொன்னேன், அன்று காலையில்தான் நீயும் போன் செய்து, "எனக்கும் சேத்து சாமி கும்பிட்டு வாங்க அய்யா" என்றாய். இதையெல்லாம் நினைத்தால் கை நகரவில்லை. சொன்ன இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"என்ன தம்பி, பிளேடு பயமா?"

"இல்ல பாய். ராமேஸ்வரத்துக்கு வேண்டுதல். அங்கனதான் எடுக்கணும்."

பாய் சட்டென்று என் தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டார். "நேர்ச்சையா? வந்ததும் சொல்றதில்லையா? நேர்ச்சைய நடுவுல கெடுக்கப் பாத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிளேடைக் கழற்றித் தாளில் மடித்து, ரேசரோடு தகர டப்பாவில் வைத்து என் கையில் கொடுத்தார். விலை கேட்டேன். "போயி எடுத்துட்டு, திரும்பி வாரப்ப மொகத்தக் காட்டுங்க. அப்பப் பேசலாம்."

என்னை முன்பின் தெரியாது. பொய் சொன்னவனை நம்பிப் பொருளைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா தட்டில் தொதல் வைத்து அனுப்பியது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய அல்வா மாதிரி இருக்கும், கீழக்கரையில் பேர் போனது. ஒரு துண்டுக்கு மேல் நான் எடுக்கவில்லை.

கிளம்பும்போது ஜன்னல் திண்டில் இருந்த அவருடைய சொந்த ரேசர் கண்ணில் பட்டது. அதுவும் கதவு வைத்ததுதான். ஒரு கதவைத் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்ன பாய்?"

"போன வருசம் ஒடிஞ்சுது. எனக்கு மகன் வாங்கித் தந்த செட்டு. ஒடிஞ்சாத் தூக்கிப் போட்டுர முடியுமா?"

அன்று மாலை பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. முன் சீட்டுக்காரர் தொப்பி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. "எறக்கி விடுங்க" என்று கத்தினார். "நீந்தத் தெரியுமா?" என்று கண்டக்டர் கேட்டார். பாம்பனில் இறங்கி நகரை மீன் குழம்பு சாப்பிட்டேன். நம் வீட்டுக் குழம்பு மிளகாயில் நிற்கும், அங்கே தேங்காயில் நிற்கிறது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் ராமேஸ்வரம். தாடியோடு கடற்கரையில் இறங்கிய உடனே ஒருத்தர் பின்னாலேயே வந்தார்.

"திதியா சார்? அப்பாவா, அம்மாவா?"

"யாருக்கும் இல்லங்க."

"வெக்கப்படாதீங்க. எல்லாருக்கும் வர்றதுதான். வீட்டம்மாவா?"

எனக்குச் சுருக்கென்றது. "அவ நல்லா இருக்கா!" என்று கத்திவிட்டேன். கமுதியில் மாசமாக இருந்தவளை ராமேஸ்வரத்தில் சாகடித்துவிட்டார்கள். எல்லாம் இந்த ஒரு தாடியால்.

முடி எடுக்கும் இடத்துக்குப் போய், நானே என் ரேசரில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்த சவரத் தொழிலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்திக்கடன்னா நாங்க கை வைக்கணும்ணே. நீங்களே எடுத்தா அது வீட்டுச் சவரம்." கடைசியில் முதல் மூன்று இழுப்பு அவர் கத்தியில், மிச்சம் நான் என்று முடிவாயிற்று. ஓரமாக உட்கார்ந்து பாய் கொடுத்த ரேசரைத் திறந்து பிளேடை மாட்டினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

பாதி முகம் முடிந்திருந்தபோது வடநாட்டுப் பெரியவர் ஒருவர் ஈரத் தலையோடு வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் அவர் சம்சாரம் ஏதோ சொன்னது. பக்கத்தில் இருந்த தொழிலாளிக்கு இந்தி தெரியும், சிரித்துச் சிரித்து இருமினார். "உங்களத்தான்ணே நினைச்சுக்கிட்டாரு. அந்தம்மா சொல்லுது, 'இந்த ஆளு முதல்ல தன் வேலைய முடிக்கட்டும், பாதி மூஞ்சியோட இருக்கிறவன நம்பித் தலையக் குடுக்காதீங்க.'"

குளித்து, தீர்த்தமாடி, கோயில் வாசலுக்குப் போனால் சோதனையில் பை மாட்டிக்கொண்டது. பெண் போலீஸ் இரண்டு டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு மூஞ்சிக்கு எதுக்குண்ணே ரெண்டு?" என்று கேட்டார். இரண்டையும் வெளியே கடையில் வைத்துவிட்டுப் போனேன். உள்ளே போய் என்ன கும்பிடுவது என்று தெரியவில்லை. வேண்டாத வேண்டுதலுக்கு நன்றி சொல்ல முடியுமா? உன்னையும் காயத்ரியையும் பெயர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் கீழக்கரையில் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டை விரலால் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார். "வலது தாடைக்குக் கீழ விட்டுட்டீங்க. மத்தபடி சவரக்காரருதான்" என்றார்.

அப்போது சொல்லிவிட்டேன். நீ வாங்கியது, நான் குறடு போட்டது, வாயில் வந்த பொய், எல்லாவற்றையும். ஒடிந்த ரேசரையும் எடுத்துக் காட்டினேன். நேர்ச்சையே இல்லாமல் நேர்ச்சை என்று சொல்லி வாங்கிப் போனேன், வேண்டுமென்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று டப்பாவை நீட்டினேன்.

பாய் டப்பாவை என் பக்கமே தள்ளினார். "பொய்யின்னா நேத்து இங்கயே எடுத்திருப்பீங்க. போயித்தானே எடுத்தீங்க?" என்றார். பிறகு நீ வாங்கிய ரேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, என் தம்பி செட்ட வீட்டுல மாத்தி வச்சிருவீங்க. மக பாத்துச் சந்தோசப்படும். அது வாங்குன செட்ட எங்க வைப்பீங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கே வைத்திருப்பேன்? ஒளித்துத்தான் வைத்திருப்பேன், இல்லை கிணற்றில் போட்டிருப்பேன்.

"ரெண்டு பேரும் ரெண்டு நாளா இதையே பேசுறீங்க" என்று உள்ளேயிருந்து அந்த அம்மா சொன்னது. "பிள்ளைகிட்ட ஒடிஞ்சிருச்சும்மான்னு சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா தம்பி?"

ஒரு நிமிசம்தான் ஆகும். எனக்குத்தான் ஒரு மாசம் ஆயிற்று. பாய் நியாயமான விலை சொன்னார், கொடுத்தேன். தொதல் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். காயத்ரி ஒருத்தியே அன்றைக்குத் தின்று தீர்த்தாளே, அதுதான்.

ஆன்லைனில் வாங்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, பவித்ரா. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நீ வேறு எப்படி வாங்குவாய்? அடுத்த தடவை நாலு பக்கமும் படம் கேள், கதவு திறந்து மூடுகிற வீடியோ கேள், வந்ததும் என்னை உண்மையைச் சொல்லச் சொல். நேரில் போனால் பொருளைத் திருகிப் பார்க்கலாம், கொடுக்கிறவரும் நம்மைத் திருகிப் பார்ப்பார். அதற்கும் தயாராகப் போக வேண்டும். பொங்கலுக்கு வரும்போது குளியலறை ஜன்னலில் இரண்டு ரேசரும் இருக்கும். எதையும் மாற்றி வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் காயத்ரியும் சந்தைக்குப் போயிருந்தார்கள். பட்டறையைத் திறந்து, மோட்டார் சுற்றுகிற செப்புக் கம்பியில் மெல்லியதாக ஒரு முழம் வெட்டினேன். நீ வாங்கிய ரேசரில் பிளேடை வைத்து, ஒடிந்த கதவைப் பொருத்தி, தோலில் படாத இரண்டு ஓரத்திலும் நாலு நாலு சுற்று இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கிணற்றடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு முகம் முழுக்க அதிலேயே எடுத்தேன், வலது தாடைக்குக் கீழேயும். ஒரே ஒரு இடத்தில் வெட்டியது. படிகாரத்தைத் தேய்த்துவிட்டு, ரேசரைக் கழுவித் துடைத்து, ஜன்னலில் வைத்தேன்.